பெல்மதுளையில் இறங்காதவர்

எங்கள் அப்பாவுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. சின்ன வயதில் அது எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை. அம்மாவின் ஆட்கள் கித்துல்கலப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஏராளமாக இருந்தார்கள். தீபாவளிக்கு மாமாக்கள் வருவார்கள், சடங்கு வீட்டுக்குச் சித்திகள் வருவார்கள். எங்கள் காம்பராவில் படுக்க இடம் போதாமல் வாசலில் சாக்கு விரித்துப் படுப்பார்கள். தாத்தாவும் பாட்டியும் நான் பிறக்கும் முன்பே இறந்துபோனார்கள்; அப்பா பக்கத்திலிருந்து வேறு ஒருவரும் வந்ததில்லை. கேட்டால், "எல்லாரும் இந்தியாவுக்குப் போயிட்டாங்க" என்பார். எங்கள் தோட்டத்திலேயே லயத்து வரிசை வீடுகளில் பாதி அப்படிக் காலியானதுதான். தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறிப் போனவர்களின் கதை எல்லா வீட்டிலும் இருந்தது. அதனால் நம்பினோம்.

எங்கள் தோட்டம் வரக்காப்பொலயிலிருந்து உள்ளே போகிற பாதையில் இருந்தது. சுற்றிலும் சிங்கள கிராமங்கள். அப்பா ரப்பர் மலைக்குக் கங்காணி. கோயில் கமிட்டிக்குத் தலைவர். மாரியம்மன் திருவிழாவில் யார் கரகம் தூக்குவது, யார் வீட்டு வாசலில் சாமி நிற்பது, யார் வீட்டைத் தாண்டிப் போவது எல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக அவர் பீலிப் பக்கம் இறங்கினால் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் ஒதுங்கி நிற்பார்கள். "நம்ம ஆளுக வேற, அவுங்க வேற" என்று கீழ் லயத்தைக் காட்டி அடிக்கடி சொல்லுவார். கோபமாக அல்ல, வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்லுவார்.

அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வரக்காப்பொலயில் ஒரு தையல் கடையில் வேலை பழகினாள். அங்கே தைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அக்காவைப் பிடித்துப்போயிற்று, அக்காவுக்கும்தான். அவர் வேறொரு தோட்டத்து ஆள். முறையாகப் பெண் கேட்கிறோம் என்று சொல்லி அனுப்பினார். அம்மா பக்குவமாகப் பேசி அப்பாவைச் சம்மதிக்கவைத்திருந்தாள். "நல்ல தொழிலு, குடிக்க மாட்டாரு, வந்து பேசட்டுமே, ஆளு யாருன்னு நேர்லயே கேட்டுக்கலாம்" என்றாள். அப்பாவும் அன்று காலையில் ஸ்டோரிலிருந்து இரவல் நாற்காலிகள் கொண்டுவந்து வாசலில் போட்டார். தொண்ணூற்று மூன்றாக இருக்க வேண்டும், எனக்கு ஏ.எல். உயர்தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். வெற்றிலைத் தட்டில் ஆப்பிளும் இருந்தது. நான்தான் தேத்தண்ணீர் கொடுத்தேன். அந்தம்மா நல்ல உயரம், காதில் பழைய தோடு. அவர் எந்த ஊரில் பிறந்தவர் என்று அப்பா மரியாதைக்காகக் கேட்டார்.

"நான் பெல்மதுளைப் பக்கங்க. கல்யாணம் முடிச்சுத்தான் இந்தப் பக்கம் வந்தது."

அப்பா அந்தம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தம்மாவும் அப்பாவைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம். பிறகு அப்பா, அவர்கள் வந்ததிலிருந்து பேசாத ஒரு குரலில் கேட்டார்: "நீங்க என்ன ஆளுக?"

அந்தம்மா மறைக்காமல் சொன்னார். என்ன சாதி என்று நான் இங்கே எழுதவில்லை. அது நியாயமான காரணத்துக்காக என்று சொல்லமாட்டேன். எழுதக் கை வரவில்லை.

"நாற்காலிய உள்ள எடு" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

அவர்கள் எழுந்துகொண்டார்கள். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அவருடைய அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். அப்பா தட்டைத் தொடாமல், "கிளாஸக் கழுவி வச்சிட்டுப் போங்க" என்றார். அந்தம்மா இரண்டு கிளாசையும் எடுத்துக்கொண்டு பீலியடிக்குப் போய்க் கழுவி, எங்கள் வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். லயத்தில் எல்லாரும் கதவருகில் நின்று பார்த்தார்கள். அக்கா அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. வீட்டிலேயே ஒரு பழைய மெஷினை வைத்துத் தைத்தாள். அப்பாவோடு பேச்சு, "சோறு" என்ற ஒரு வார்த்தைதான். தட்டை வைத்துவிட்டுச் "சோறு" என்பாள். அவர் வந்து சாப்பிடுவார்.

எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்து, கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் அந்த நாளின் மதிப்பு வெளியே எவ்வளவு என்று தெரிந்தது. பெண் வீட்டார் கேகாலைப் பக்கம் கணக்கப்பிள்ளை குடும்பம். அக்கா சம்பந்தத்தை அப்பா உடைத்த கதை அவர்கள் காதுக்கும் போயிருந்தது. "சாதி சனம் பார்த்து நடக்கிற குடும்பம்னு கேள்விப்பட்டுத்தாங்க வந்தோம்" என்று என் மாமியார் எங்கள் வாசலில் உட்கார்ந்து சொன்னார். அக்கா உள்ளே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த நல்ல சம்பந்தம் அவளுக்கு உடைந்ததன் மேல் நின்றது. அதை நான் அப்போதே உணர்ந்தேன், உணர்ந்துகொண்டே தலையாட்டினேன்.

மகள் பிறந்தாள். மூன்று வயதுக்குள் அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. மழை இறங்கினால் நெஞ்சு குழிந்து குழிந்து எழும்பும். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். மாமியார் ஒரு நாள் கேட்டார்: "ஒங்க குலதெய்வத்துக்குப் புள்ளைக்கு மொட்டை போட்டீங்களா?"

எனக்குக் குலதெய்வம் எது என்றே தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாது."

"தாத்தா கும்பிட்டது என்ன சாமிப்பா?"

"மாரியம்மனுக்குப் போடு. எல்லாம் ஒரே சாமிதான்."

அப்பா வாயிலிருந்து எல்லாம் ஒன்று என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. மாமியார் விடவில்லை. குலதெய்வம் தெரியாத குடும்பத்தில் பெண் கொடுத்துவிட்டோமோ என்கிற மாதிரி என் மனைவியிடம் ஏதோ பேசியிருக்கிறார். மனைவி என்னிடம் அதைச் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. இந்தியாவில் எந்த ஊர் என்றாவது தெரிந்தால் எழுதிக் கேட்கலாமே என்று அம்மாவிடம் போனேன். அம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஊரு பேரெல்லாம் எங்கிட்டச் சொன்னதே இல்ல. ஆனா ஒன்னு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாத. கதிர்காமத்துக்கு வருசா வருசம் பஸ் புடிச்சுப் போவோமே, பெல்மதுளைச் சந்தியில எல்லாரும் தேத்தண்ணி குடிக்க இறங்குவாங்க. ஒங்கப்பா இறங்கினதே இல்ல. மூஞ்சியில துண்டப் போட்டுக்கிட்டுத் தூங்குற மாதிரி இருப்பாரு. பஸ் சந்தியத் தாண்டினதும் எந்திரிச்சிருவாரு."

நானும் அந்த பஸ்ஸில் போயிருக்கிறேன். ஜன்னல் வழியாக அப்பாவுக்குத் தேத்தண்ணீர் நீட்டி, அவர் தூங்குகிறார் என்று நானே குடித்தும் இருக்கிறேன்.

பள்ளிக்கூட லீவில், இரத்தினபுரியில் ஒரு வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அவிசாவளையில் பஸ் மாறி, இரத்தினபுரியில் மறுபடி மாறினேன். பெல்மதுளைச் சந்தியில் இறங்கியபோது நடுப்பகல். சந்திக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த சிறிய கோயிலில் பூசாரியிடம் விஷயத்தை மேலோட்டமாகச் சொன்னேன். என் தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்திருக்கலாம், கேகாலைப் பக்கம் போய்விட்டவர், பழைய ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்றேன்.

"சந்தியில கடை வச்சிருக்கிற அம்மாவக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியாத ஆளு இந்தச் சுத்துவட்டாரத்துல இல்ல" என்றார்.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை. கல்லாவில் தடித்த உடம்போடு ஒரு வயதான அம்மா இருந்தார். கையில் கனத்த வளையல்கள், வாயில் வெற்றிலை. மாணிக்கக்கல் தோண்டுகிற கிடங்கில் வேலை செய்கிற இரண்டு சிங்கள ஆட்கள், காலில் காய்ந்த சேற்றோடு ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஏதோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

"வாங்க. என்ன சாப்பிடுறீங்க?"

ரொட்டியும் பிளேன்டீயும் கேட்டேன். கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே நின்று பார்த்தார்.

"கேகாலப் பக்கமா?"

"எப்பிடித் தெரியும்?"

"கங்காணி மகனா நீ?"

எனக்குக் கையில் இருந்த ரொட்டியை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆமாம் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்த நெத்தி, அந்த மூக்கு. ஒங்கப்பன் பத்து வயசுல இப்பிடித்தான் இருந்தான். இருக்கானா?"

"இருக்காரு. நீங்க எங்களுக்கு என்ன வேணும்?"

"ஒங்க தாத்தாவும் எங்கப்பாவும் கூடப்பொறந்தவங்க. ஒங்கப்பன் எனக்கு அண்ணன். ஒனக்கு நான் அத்தை."

பிறகு கதையைச் சொன்னார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தது. தாத்தா சாவு வீட்டில் மேளம் அடிக்கிறவர். ஒரு நாள் டவுனுக்குப் போய் வந்தவர், சலவைச் சட்டையும் செருப்புமாகப் பெரிய கங்காணி வீட்டு வாசலைத் தாண்டியிருக்கிறார். கூப்பிட்டு நிறுத்தி, செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு லயத்தைச் சுற்றிவரச் சொன்னார்களாம். சுற்றி வந்தார். மகன் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தான். அந்த வாரமே, எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போன நேரத்தில், பெண்டாட்டியையும் மகனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. போன இடத்தில், நாங்கள் இன்ன ஆட்கள் என்று வேறு சாதியைச் சொல்லிக்கொண்டார்.

"நாம இன்ன சாதின்னு சொன்னாத்தானேப்பா அங்கேயும் செருப்பக் கழட்டணும்" என்று அத்தை சொன்னார். சொல்லும்போது அந்தப் பெயரையும் சொன்னார், கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அன்று எங்கள் வாசலில் நின்ற அந்தம்மா சொன்ன அதே பெயர்.

நான் சட்டென்று கடையைச் சுற்றிப் பார்த்தேன், யாருக்காவது கேட்டதா என்று. யோசித்துச் செய்யவில்லை, கழுத்து தானாகத் திரும்பியது. மாணிக்கக் கிடங்கு ஆட்கள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு கண்டக்டர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அத்தை என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"இங்க யாருக்கும் அது வேணாம்" என்றார். "இவங்களுக்கு நாம எல்லாரும் ஒரே தெமளதான், தமிழாளுகதான்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாதி இல்லை என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிற ஆள் நான். அந்தக் கழுத்துத் திரும்பலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அப்பாவிடமிருந்து என்ன வந்தது என்று தேடிப் போனவனுக்கு, வந்தது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

"எங்க அப்பா இருக்கிற எடம் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எங்க லயத்துல பொறந்து வளந்த ஒருத்தி அந்தப் பக்கம் கட்டிப் போயிருக்கா. எனக்கு மூத்தவ. மகனுக்குப் பொண்ணு கேக்கப் போன எடத்துல ஒங்கப்பனப் பாத்திருக்கா. பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சாம். வந்து எங்கிட்டச் சொல்லி அழுதா."

பிளேன்டீக் கிளாசைக் கீழே வைத்தேன்.

"அவ நெனச்சா அந்த வாசல்லயே சொல்லியிருக்கலாம். லயமே நின்னு பாத்துச்சாமே. சொல்லல. மகன்கிட்டயும் சொல்லல. அவனுக்கு ரோசம், போய்க் கத்திருவான்னு. நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினோம், ஒங்கப்பன் அங்க ஒரு பேரோட வாழ்றான், நாம போய்க் கெடுக்க வேணாம்னு. நானும் வரல. எங்கண்ணன் இருக்கிற எடம் தெரிஞ்சும் பத்து வருசமா வரல."

அதற்கு மேல் அந்த ரொட்டி இறங்கவில்லை. அத்தை வற்புறுத்தவும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப் போனார். கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளறையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. இந்தியாவிலிருந்து கொள்ளுத்தாத்தா சுமந்து வந்தது என்றார். திறந்து காட்டினார்: பட்டுத்துணியில் சுற்றிய ஒரு சிறிய அரிவாள், ஒரு வெண்கல மணி, திருநீற்றுப் பை. அதுதான் எங்கள் சாமி. "புள்ளையக் கூட்டிட்டு வா. இங்கேயே மொட்டை போடலாம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் தோட்டத்துக்குப் போனேன். அப்பா அப்போது வேலையிலிருந்து நின்றிருந்தார். வாசலில் நாற்காலி போட்டுப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அக்காவின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"பெல்மதுளைக்குப் போயிட்டு வந்தேம்பா" என்றேன்.

பாக்குவெட்டி நின்றது.

"கடை வச்சிருக்காங்க அத்தை. ஒங்களக் கேட்டாங்க."

கோபப்படுவார், இல்லையென்று மறுப்பார் என்று எண்ணியிருந்தேன். அவர் வெட்டிய பாக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ நல்லா இருக்காளா?" என்று கேட்டார்.

"ஒங்களுக்கு எல்லாம் தெரியுமாப்பா?"

"தெரியாம? அப்பாரு செருப்பத் தலையில வச்சுக்கிட்டு வந்தப்ப பின்னால நடந்தவன் நான்தானே." சற்று நிறுத்தினார். "இங்க வந்த புதுசுல, வெளையாட்டுல ஒரு நாள் வாய் தவறிப் பழைய சாதிப் பேரச் சொல்லிட்டேன். அப்பாரு ரப்பர் மிலாறால அடிச்சாரு. அடிச்சிட்டு அவரே அழுதாரு. இனிமே தூக்கத்துலகூடச் சொல்லாதடான்னாரு. அன்னையிலிருந்து தூங்குறதுக்கே பயம்."

"அப்ப அக்காவுக்குப் பொண்ணு கேட்டு வந்தவங்கள..."

"அந்தப் பொம்பள ஊரச் சொன்ன ஒடனே எனக்கு மூஞ்சி அடையாளம் தெரிஞ்சிருச்சு. எங்க பக்கத்துக் காம்பரா. சின்னதுல என்னைத் தூக்கி வச்சிருந்தவ. சம்பந்தம் வச்சா வருவா, போவா. ஒரு நா இல்ல ஒரு நா என்னை யாருன்னு கண்டுபுடிச்சிருவா. கண்டுபுடிக்கிறதுக்கு முந்தி வெரட்டிரணும்னு நெனச்சேன்."

நான் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பிறகு பல தடவை நினைத்ததுண்டு. "அவங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருச்சுப்பா. ஒங்களப் பாத்த ஒடனே."

அப்பாவின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. திருவிழாவில் அத்தனை பேருக்கு நடுவில் நின்று உத்தரவு போடுகிற முகம். வாய் மெல்லத் திறந்தபடி இருந்தது. கையிலிருந்த பாக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"தெரிஞ்சுமா கிளாஸக் கழுவி வச்சிட்டுப் போனா?"

 உள்ளே மெஷின் நின்றிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா கதவருகில் வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பத்து வருடத்தில் முதல் தடவையாக, "சோறு" என்பதைத் தாண்டி அப்பாவோடு பேசினாள்.

"அன்னைக்கு நான் பீலியடியிலதான் ஒளிஞ்சு நின்னேன். அந்தம்மா என் பக்கத்துல நின்னுதான் கழுவினாங்க. கையிலிருந்து நான் வாங்கியிருக்கலாம். வாங்கல. ஒங்களுக்குப் பயந்துக்கிட்டு நின்னேன். நீங்க யாருக்கோ பயந்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவள் குரல் உயரவில்லை. அப்பா அவளைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. அவள் என்னிடம், "அத்தை கடை எங்க இருக்கு?" என்று கேட்டாள். சந்தியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என்றேன்.

அடுத்த வாரம் போனாள். சில நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தோம். கடையை ஒட்டிய அறையில் அத்தை அவளுக்கு மெஷின் போட்டுக்கொடுத்தார். சிங்களப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடைதான் பெரும்பாலும் தைத்தாள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் அவளை "நங்கி", அதாவது தங்கச்சி, என்று கூப்பிட்டுக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தையல்காரர் கொழும்பில் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளோடு இருந்தார். அவருடைய அம்மாவைப் பார்க்க அக்கா ஒரு தடவை போய்வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மனைவியிடம் சொல்ல எனக்குச் சில மாதங்கள் ஆயின. ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்று வீட்டுக்கு வருவேன். அவள் தட்டில் சோறு போடுகிறபோது குனிந்து சாப்பிடத் தொடங்கிவிடுவேன். தெரிந்தால் போடுவாளா என்று ஒரு நினைப்பு. அவளைப் பற்றி அப்படி நினைத்ததும் எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில் மகளுக்கு இழுப்பு கூடிய ஒரு நாளில், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிட்டேன்.

அவள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "கல்யாணத்துக்கு முந்தி ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சாமி இருக்கிற எடம் தெரிஞ்சிருச்சில்ல. மொட்டை போடலாம்" என்றாள். பிறகு, "எங்கம்மாகிட்டச் சொல்ல வேணாம். அவங்க தாங்க மாட்டாங்க."

அத்தை வீட்டு முற்றத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்து மகளுக்கு மொட்டை போட்டோம். அத்தை மடியில்தான் உட்காரவைத்தோம். மாமியாரிடம் கதிர்காமத்தில் போட்டோம் என்றோம். மகளுக்கு இழுப்பு உடனே நிற்கவில்லை. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை அடித்து அடித்து, வளர வளரக் குறைந்தது. மாமியார் அதைக் கதிர்காமத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார். தாத்தா ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்தார். அப்பா அதைக் காப்பாற்றினார். நானும் என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். தாத்தாவுக்காவது தலையில் செருப்பு இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

அப்பா கோயில் கமிட்டியை விட்டு விலகினார். முழங்கால் முடியவில்லை என்று காரணம் சொன்னார். அத்தை ஒரு தடவை டவுனிலிருந்து திறீவீல் ஆட்டோ பிடித்துக்கொண்டு எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். சொல்லாமல் வந்தார். அப்பா வாசலில் இருந்தார், எழுந்திருக்கவில்லை. அத்தை நேராகப் போய் அவர் காலடியில் படியில் உட்கார்ந்து, "என்னடா கெழவா, எங்க ஊட்டுக் கருவாட்டுக் கொழம்பு மறந்து போச்சா?" என்று கேட்டார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவே இல்லை. அவளுக்குப் புருஷன் மறைத்ததுதான் பெரிய அடி. முப்பத்தைந்து வருடம் ஒரே பாயில் படுத்தும் தன்னிடம் சொல்லவில்லையே என்பதைத்தான் சாகும்வரை சொன்னாள்.

அப்பா இரண்டாயிரத்து ஒன்பதின் நடுவில் இறந்தார். யுத்தம் முடிந்த புதிது. டவுன் முழுக்கக் கொடி கட்டியிருந்தார்கள், நாங்கள் கடையில்கூடத் தமிழைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட காலம். பெல்மதுளையிலிருந்து அத்தையும் அக்காவும் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களும் வந்தார்கள். வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர்கள் இறக்கி ஐடென்டி கார்டு பார்த்தார்களாம். அத்தை பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு ஒப்பாரி வைத்தார். அண்ணா என்று கூப்பிட்டு அழுதார். லயம் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

கமிட்டியில் இப்போது தலைவராக இருந்தவர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "யாரு தம்பி இவுங்கெல்லாம்?"

மாமியார் பக்கத்தில் நின்றார். நான் வாயைத் திறந்தேன்.  என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. உண்மையைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

அக்கா சொன்னாள். "அப்பாவோட தங்கச்சி. அவரோட சனம். எங்க சனம்." சாதிப் பெயரையும் சேர்த்தே சொன்னாள், எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி.

சிலர் மெல்லக் கலைந்தார்கள். பாடையைத் தூக்க ஆள் குறைந்தது; பெல்மதுளைப் பையன்களும், கீழ்க் கிராமத்திலிருந்து வந்திருந்த சிங்கள ஆட்கள் இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். கீழ் லயத்துக்காரர்கள், அப்பா ஒருநாளும் வாசலுக்குள் விடாதவர்கள், மேளத்தோடு வந்து முன்னால் நடந்தார்கள். ஒருவரும் பழசைச் சொல்லிக் காட்டவில்லை.

மாமியார் அன்று எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். என் மனைவி அவரைப் பாதைவரை அனுப்பிவிட்டு வந்து, எதுவும் பேசாமல் அத்தைக்கும் அக்காவுக்கும் சோறு போட்டாள். அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் சாப்பிட்டாள். எனக்கு முன்பே அவள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு மாமியார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மகள் பள்ளி விட்டு வந்ததும், அம்மம்மா ஏன் வருவதில்லை என்று கேட்பாள். கால் வலி என்று நான் சொல்லிவைத்தேன். ஒரு நாள் அவள் தன் உண்டியலை உடைத்து, அம்மம்மாவின் காலுக்குத் தைலம் வாங்கித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நான் வாங்கி வந்தேன். அந்தத் தைலப் போத்தல் எங்கள் அலமாரியில் மூடி திறக்காமல் இருக்கிறது.